வாடிய கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றாதே

அன்புள்ள மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, உடல் சுருங்கியிருக்கிறது, மண்ணை ஒட்டிய அடிப்பகுதி மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது. ஆனால் தொட்டியின் மேல்மண் மட்டும் கறுத்து ஈரமாகத் தெரிகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் கொஞ்சம் ஊற்றி வருவதாக எழுதியிருக்கிறாயே, அதை முதலில் நிறுத்து. மண் ஈரமாக இருக்கும்போதே கள்ளிச்செடி வாடுகிறதென்றால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்சுவதற்கு வேர் இல்லை என்று பொருள். வேரழுகலில் செடிகள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம், தாகம் என்று எண்ணி நாம் மேலும் மேலும் ஊற்றுவதுதான்.

வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்துகள்களின் இடுக்குகளில் தண்ணீர் நிரம்பி நின்றுவிட்டால், அதன் வழியாக ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மூச்சுத் திணறிய வேர்நுனிகள் செத்துப்போக, பித்தியம், பைட்டோப்தோரா, ஃபியூசேரியம் போன்ற கிருமிகள் அவற்றின் வழியே உள்ளே நுழைகின்றன. முதல் இரண்டின் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே வேரைத் தேடி வரக்கூடியவை. உன்னிடம் இருப்பது மாமிலேரியா என்ற கள்ளி. அந்த இனத்தில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்தகம் மெக்சிகோவின் வறண்ட மலைச்சரிவுகள். அங்கே மழை பெய்தாலும் சரளைக்கற்களுக்கிடையே தண்ணீர் வடிந்து ஓடிவிடும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில், பால்கனியின் ஓரத்தில், கோகோபீட் என்னும் தென்னைநார்த் தூள் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் நிற்பது அதன் உடம்புக்குப் பழக்கமில்லாத வாழ்க்கை.

அடித்தண்டை ஒரு குச்சியால் மெல்ல அழுத்திப் பார். பழுப்பாக இருந்தாலும் மரப்பட்டை போலக் கெட்டியாக இருந்தால் அது வயதான கள்ளியின் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. கொழகொழவென்று அமுங்கினாலோ, மண்ணிலிருந்து கெட்ட வாடை வந்தாலோ இன்றைக்கே செடியை வெளியே எடுத்துவிடு. மழை ஓயட்டும், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதே. மாமிலேரியாவின் சில வகைகளில் முள்நுனி தூண்டில் மாதிரி வளைந்திருக்கும், கையில் மாட்டினால் எளிதில் விடாது. ஆகையால் செய்தித்தாளை நீளமாகப் பட்டைபோல மடித்து, செடியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கு. மண்ணை உதிர்த்துவிட்டு வேர்களைத் தண்ணீரில் அலசிப் பார். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரோ கறுத்துப்போய், இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல்மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவற்றையெல்லாம் தயங்காமல் வெட்டிவிடு. வறட்சிக் காலத்தில் நுண்வேர்களை உதிர்த்துவிட்டு, மழை கண்டதும் புதிதாக விடுவது கள்ளிகளின் வழக்கம்தான்.

அழுகல் தண்டுக்குள்ளும் ஏறியிருக்கிறது என்றுதான் உன் படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. கூர்மையான கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அடியிலிருந்து மெல்லிய வில்லையாக ஒரு துண்டு நறுக்கி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பார். நடுவில் ஒரு சிறு வளையம் தெரியும். நீரும் உணவும் போய்வருவது அதன் வழியாகத்தான். சுற்றியுள்ள சதை பச்சையாக, பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், அதைக் கண்டு ஏமாந்துவிடாதே. அந்த வளையத்தில் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அழுகல் இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். கத்தியை மறுபடி துடைத்து மறுபடி நறுக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தியே கிருமியை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். வளையமும் சதையும் ஒரு கறையும் இல்லாமல் வரும்வரை, செடியில் பாதி போனாலும், வெட்டத்தான் வேண்டும். உச்சிவரைக்கும் கறை போயிருந்தால் தாய்ச்செடியை விட்டுவிட்டு, பக்கத்தில் முளைத்த குட்டிகளில் கெட்டியாக இருப்பவற்றைத் தனியே எடுத்துக்கொள்.

சுத்தமான முகம் கிடைத்ததும் விளிம்பைச் சுற்றிச் சாய்வாகச் சீவிவிடு. காயும்போது நடுச்சதை உள்ளே சுருங்கும். விளிம்பு அப்படியே நின்றால் நடுவில் குழி விழுந்துவிடும், புதுவேரோ அந்த நடு வளையத்திலிருந்துதான் வர வேண்டும். வெட்டுவாயில் கந்தகத்தூளைத் தடவு. கிடைக்காவிட்டால் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத்தூளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். மஞ்சளோ பட்டையோ, எதைத் தடவினாலும் காயவைப்பதற்கு அது ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். கடையில் கார்பன்டசிம் என்ற பூசணக்கொல்லியைக் கொடுத்தால், அது ஃபியூசேரியம் போன்ற பூசணங்களைத்தான் கட்டுப்படுத்தும், பித்தியத்தையும் பைட்டோப்தோராவையும் தொடாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கு. கையுறை இல்லாமல் அதைத் தொடாதே, சமையலறைப் பக்கம் கொண்டுபோகவும் செய்யாதே.

பிறகு செடியை ஒரு காலி எவர்சில்வர் டம்ளரின் வாயில், வெட்டுவாய் எதையும் தொடாதபடி நிமிர்த்தி உட்காரவைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் விட்டுவிடு. உங்கள் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வாரம்கூட ஆகலாம். மின்விசிறிக் காற்று பட்டால் நல்லது. வெட்டுவாய் தோல்போல இறுகிய பிறகு, காய்ந்த கலவையின்மேல் புதைக்காமல் உட்காரவைத்து, சரியாதபடி நாலு கூழாங்கல்லை அண்டைக்கொடு. சில வாரங்களில் மெல்ல அசைத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்திருப்பது தெரியும். அதன் பிறகே முதல் தண்ணீர்.

கலவை விஷயத்தில் நர்சரிக்காரர்கள் தங்கள் வசதியைத்தான் பார்க்கிறார்கள். கோகோபீட் எடை குறைவு, வண்டியில் ஏற்றுவது எளிது, ஆனால் நனைந்தால் நெடுநாள் ஈரத்தை விடாது. நீ ஒரு பங்கு மட்கிய உரம் கலந்த மண்ணுக்கு இரண்டு பங்கு சரளை சேர். உடைத்த செங்கல், பெர்லைட் என்ற வெண்ணிறப் பொரிகல், பருமணல் எதுவானாலும் சரி, ஆனால் சலித்துப் பொடியை நீக்கிவிட வேண்டும். பொடி இருந்தால் இடுக்குகள் அடைபட்டுவிடும். கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த மணலை அள்ளிவராதே, அதில் உப்பு இருக்கிறது. தொட்டியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பதும் தவறான நம்பிக்கை. மேலே உள்ள பொடிமண் முழுக்க நனைந்து ஊறும்வரை நீர் கீழுள்ள கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுமே தவிர வேறு பயன் இல்லை. ஓட்டையுள்ள சிறிய மண்தொட்டி போதும். வேரைவிட ஒரு விரற்கடை அகலம் இருந்தால் தாராளம். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாமல் குப்பையில் கொட்டு. மேலே பசைவைத்து ஒட்டிய வண்ணக்கற்களையும் தூக்கியெறி, மண்ணைப் பார்க்கவே விடாத அலங்காரம் எதற்கு?

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதே. ஊதுவத்தி எரிந்து மிஞ்சும் குச்சியை அடிவரை செருகி, கால்மணி நேரம் கழித்து உருவிப் பார். ஈரமோ மண்ணோ ஒட்டாமல் வந்தால் மட்டும், மாலையில், அடி ஓட்டையில் வழியும்வரை நன்றாக ஊற்று. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை செடி சாரல் படாத ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும்.

முதல் வில்லையை வெட்டியதும் அந்த முகத்தை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பு. இன்னும் வெட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா