தலைமையாசிரியை கோமுவுக்கு

கல்லிடைக்குறிச்சி
ஆனி மாதம்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்தது. நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றுவிட்டாய் என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "அவ நல்லா வருவான்னு எனக்கு அப்பவே தெரியும்ளா" என்றாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரில் ஒரு வரி விடாமல் படிக்கிறாள், எனக்கும் படித்துக் காட்டுகிறாள். தம்பி மகளுக்குப் பேட்டையில் வரன் பார்த்திருக்கிறார்கள். தேதி முடிவானதும் எழுதுகிறேன். நீ வராமல் கல்யாணம் நடக்காது.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, கார் சாகுபடிக்கு எல்லாரும் வயலில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சந்தோஷம். அப்பளம் போடுகிற எங்களுக்குத்தான் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. விரித்த அப்பளத்தை ஓடி ஓடி அள்ளுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "இத்தனை வருஷம் வகுப்பில் நின்று பேசிய எனக்கு, ஆசிரியர் கூட்டத்தில் நாலு வார்த்தை பேச நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைமைக்கு வேண்டிய தன்னம்பிக்கை எனக்கு இல்லையோ" என்று எழுதியிருந்தாய். எங்கள் மகளிர் குழுவில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கணக்கு எழுதுகிறவளாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் பேசுகிறவர் முகமும் தெரியும், கேட்கிறவர்கள் முகமும் தெரியும்.

எங்கள் பழைய தலைவியை நீயும் பார்த்திருக்கிறாய். கணீரென்ற குரல். அவர் பேங்க்குக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் தானாகவே இடம் விடுவார்கள். உழைப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் யாரும் எதையும் எடுத்துச் சொல்ல முடியாது. மாவு நைசாக இல்லை என்று ஒருத்தி ஒருநாள் சொன்னதற்கு, "நீ வந்துதான் எனக்கு அப்பளம் போடச் சொல்லித் தரணுமாக்கும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்தது. பிரண்டைச் சாறு, உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம் எல்லாம் கலந்த தண்ணீரை உளுந்து மாவில் ஊற்றிப் பிசைந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிப்போம். அன்றைக்கு அப்பளக்காரம் இரண்டு தடவை விழுந்துவிட்டது. ஒருத்தர் போட்டது தெரியாமல் இன்னொருத்தரும் போட்டிருக்கிறார். இடித்துக்கொண்டிருந்த அக்கா நடுவில் நிறுத்தி, விரல் நுனியால் துளி மாவு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தலைவி இருந்த பக்கம் ஒரு பார்வை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி உலக்கையைத் தூக்கிவிட்டார். கல்யாண வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் போட்டதும் அப்பளம் செக்கச் சிவந்துபோயிருக்கிறது, வாயில் வைத்தால் கசப்பு. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கெட்டுப்போன பேரை என்ன செய்ய?

அந்த அக்காவிடம் பிறகு தனியாகக் கேட்டேன். "தெரியும் காந்தி. சொன்னா எனக்குத்தான ஏச்சு விழும்" என்றார்.

கோமு, இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. தலைவிக்குத் தைரியத்தில் ஒரு குறையும் இல்லை. மாவில் என்ன குறை என்று அந்த அறையிலேயே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவள் ஏச்சு வாங்கத் தயாராக இருக்கவேண்டும். எந்த நேரமும் ஏச்சு வாங்க யார்தான் தயாராக இருப்பார்கள்? உண்மையைச் சொல்கிறவருக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் தலைமையின் முதல் வேலை என்று எனக்குப் படுகிறது. குரல், தோரணை, மேடைப் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். அவை இல்லாமலேகூட நல்ல தலைவியாக இருக்கலாம்.

அப்படி ஒருத்தி எங்களுக்கு வாய்த்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பீடி சுற்றப் போனவள். கூட்டத்தில் கதவோரம் உட்காருவாள். கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவளைத் தலைவியாக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மாதக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிக்க ஆள் இல்லாத ஒருநாள் அவளை வாசிக்கச் சொன்னோம். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள், நோட்டு கையில் ஆடியது. ஆனால் வாசித்து முடித்தாள். அடுத்த மாதம் அவளே நோட்டை எடுத்தாள். அப்புறம் சேமிப்புப் பணத்தை பேங்க்கில் கட்டிவிட்டு வருவது, ரசீதைச் சரிபார்ப்பது, கடன் மனுவைக் கொண்டுபோய் மேனேஜரிடம் பேசுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. பேங்க்குக்குப் போகிற நாளில் அரை மணி முன்னதாகவே போய், வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, கேட்கவேண்டியதை மனதுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இப்போதும் அப்படித்தான். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "அது எங்க போவும்? வரும், வந்துட்டு உக்காந்திருக்கும். நான் போய் வேலையப் பாக்கேன்" என்றாள்.

ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதிய கட்டுரையைப் பற்றி நீ பி.எட். படிக்கும்போது கேள்விப்பட்டிருப்பாய். ஒரு வேலையை என்னால் செய்ய முடியும் என்கிற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற இன்னொருத்தர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தக்கவர்கள் சொல்லும் ஊக்கம், நம் உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இந்த நான்கில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம் என்றார். அந்தப் பெயரைக் கேட்டே இராத எங்கள் தலைவியிடம் நான்கும் அப்படியே நடந்தன. ஆகவே நீ கூட்டத்தில் அழகாகப் பேசப் பழகுவதைக் கொஞ்சம் தள்ளிவை. பள்ளியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, நாள்பட்டுக் கிடக்கிற ஒரு சின்ன வேலையை எடுத்து முடித்துக் காட்டு. கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் சரியில்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே, அதையே எடு. அந்த இரண்டு மூத்த ஆசிரியர்களும் உன் பேச்சைவிட அதைத்தான் கவனிப்பார்கள். உனக்கும் அதில் ஒரு தெம்பு வரும்.

அப்பளக் கதைக்குத் திரும்புகிறேன். புதியவள் பொறுப்புக்கு வந்ததும் ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். இடித்த மாவில் முதல் உருண்டையைத் தேய்த்து, சட்டென்று காயவைத்துப் பொரித்து எல்லாரும் ஒரு விள்ளல் தின்னவேண்டும். பழைய தலைவியும் "மாவு சரியா இருக்குல்லா?" என்று கேட்பதுண்டு. அதற்கு "சரியா இருக்குக்கா" என்பதைத் தவிர என்ன பதில் வரும்? இவள், "இன்னைக்கு இதுல என்ன குறை?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றால் விடமாட்டாள். முதல் சில வாரங்கள் யாரும் பேசவில்லை. அவளாகவே ஒரு குறையைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். பிறகு ஒருநாள், அதே இடிக்கிற அக்கா, "உப்பு ஏறிட்டு" என்றார். அன்றைக்குப் பாதி வேலை முடிந்திருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி பிசையச் சொன்னாள். சாயங்காலம் தீர்மான நோட்டில், இன்னார் சொன்னதால் இன்றைய சரக்கு தப்பியது என்று என்னை எழுதச் சொன்னாள். அந்த அக்கா தன் பெயரை நோட்டில் தடவிப் பார்த்தார். அதிலிருந்து எங்கள் அறையில் வாய் மூடி இருப்பவர் கிடையாது. சிலசமயம் கூடுதலாகவே பேசுகிறார்கள், அது வேறு விஷயம்.

தன்னை அறிவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். தியானத்தில் உட்கார்ந்து, டைரி எழுதி ஓரளவுக்குத் தெரிந்துகொள்ளலாம், நானும் எழுதுகிறேன். ஆனால் நம்மைப் பற்றி நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்தவை நிறைய. 1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு பேர் அதை நாலு கட்டம் போட்டுக் காட்டினார்கள்: எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது, எனக்குத் தெரிந்து நான் மறைப்பது, யாருக்குமே தெரியாதது. இரண்டாவது கட்டத்தைத் தனியாக உட்கார்ந்து நிரப்ப முடியாது, யாராவது வந்து சொல்லவேண்டும். பதவி உயர உயரச் சொல்கிற ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

அதனால் பழைய சிநேகிதி என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கோபம் வந்தால் நீ கத்தமாட்டாய், பேச்சை நிறுத்திவிடுவாய். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் நாங்கள் எல்லாரும் அதற்குத்தான் பயப்படுவோம். பல சமயம் உனக்குக் கோபமே இருக்காது, ஏதாவது யோசித்துக்கொண்டிருப்பாய். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? உன் அறைக்கு வந்து ஒரு கஷ்டத்தைச் சொல்லும் புது ஆசிரியைக்கு, நீ பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தால், அவ்வளவுதான், மறுபடி வரமாட்டாள். "யோசிக்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடு, அது போதும். அந்த மூத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுகூட உன் மௌனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டதால் இருக்கலாம். அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பள்ளியில் எது சரியில்லை என்று கேட்டுப் பார்.

கைதட்டலைப் பற்றியும் எழுதியிருந்தாய், யாரும் பாராட்டவில்லை என்று. நம் ஊர்க்காரர் வ.உ.சி.யைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 1906-ல் கப்பல் கம்பெனி, 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களோடு நின்று வேலைநிறுத்தத்தில் ஜெயித்தது, அதே வருஷம் மார்ச்சில் கைது. அவர் கைதானதைக் கேட்டுத் திருநெல்வேலியே கொந்தளித்தது. 1912 டிசம்பரில் கண்ணூர் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது வரவேற்க அப்படிக் கூட்டம் இல்லை. வக்கீல் தொழிலுக்கான சன்னதும் போயிருந்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகும் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார், தொழிலாளர்களுக்காகப் பேசினார். கூட்டம் வந்தபோது இருந்த ஆளும் வராதபோது இருந்த ஆளும் ஒருவரேதான். அந்த உறுதிக்கு முன்னால் நமக்கு வரும் சோர்வு எம்மாத்திரம் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் உன் பள்ளி மேலாண்மைக் குழு. தலைவியாக இருக்கிற அம்மா ஒன்றும் பேசுவதில்லை, எல்லாம் நான்தான் நடத்தவேண்டியிருக்கிறது என்கிறாய். அதில் நீ அவசரப்படாதே. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று வைத்ததே அவர்கள் பேசவேண்டும் என்றுதான். ஊராட்சியிலும் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் நாற்காலியில் மனைவி, பேசுவது கணவர் என்று எத்தனை இடத்தில் பார்க்கிறோம். உன் குழுவில் அந்தக் கணவர் வேலையை நீ செய்துவிடாதே. கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த அம்மா வீட்டுக்கு ஒருநடை போ. பேசப்போவதை அவரிடம் சொல்லு, அவர் பிள்ளை பள்ளியைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறது என்று கேள். மறுநாள் அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவரே கூட்டத்தில் சொல்லட்டும். நீ எடுத்துக் கொடுக்காதே. அவர் தடுமாறினாலும் காத்திரு. உன்னுடைய மௌனத்துக்கு அங்கேதான் நல்ல வேலை இருக்கிறது.

எங்கள் தலைவி உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறாள். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வரும்போது அவளையும் கூட்டி வருகிறேன், உன் வீட்டில் ராத் தங்கல். இடிக்கிற அக்காவும் வருவதாகச் சொல்கிறார், அவருக்குக் கீழே படுக்க முடியாது, ஒரு கட்டில் பார்த்து வை. வரும்போது உளுந்து அப்பளம் இரண்டு கட்டு கொண்டுவருகிறேன். இந்த மழையில் தபாலில் அனுப்பினால் நமுத்துப்போகும்.

நான் உன்னைப் பற்றி எழுதிய மாதிரி, என்னைப் பற்றி உனக்குப் படுவதை ஒளிக்காமல் பதிலில் எழுது. குழாய் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்றும் எழுது.

பிரியமுடன்,
காந்திமதி