பரணில் உறங்கும் மடிக்கணினிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் பல, மெதுவாகிவிட்டன என்பதற்காகவே இன்று பரணில் கிடக்கின்றன. பெரும்பாலும் குற்றம் கணினியின் மூளையான செயலியினுடையது (பிராசஸர்) அன்று. சுழலும் தட்டின்மீது அங்குமிங்கும் நகர்ந்து தரவைத் தேடும் ஹார்ட் டிஸ்க்தான் தாமதத்திற்குக் காரணம். அசையும் பாகமே இல்லாமல் மின்னணுச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை அதனிடத்தில் பொருத்திய பின், திறப்பதற்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட என் மகளின் கணினி அரை நிமிடத்திற்குள் தயாராகிவிடுகிறது. (பேட்டரி மட்டும் பழையபடியே பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.)

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்எஸ்டிகள் கணினியோடு இணையும் முறையால் வேறுபடும்; அக்காலக் கணினிகளுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பைக் கொண்ட 2.5 அங்குல சாட்டா வகையே பொருந்தும். அதைவிட வேகமான, புதிய என்விஎம்இ வகையைப் பொருத்த அவற்றில் பொதுவாக இடமே இராது. சாட்டா இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 600 மெகாபைட்டுதான் என்றாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அதுவே பல மடங்கு. விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இத்துடன் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவிக்கொள்வது நல்லது.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் விடுமுறை நாட்களில் இதற்கென முகாம் நடத்தி, உதிரிப்பாகத்தின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு மாணவர்களைக் கொண்டே பொருத்தித் தர முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்