மருத்துவ அறநெறி: பேச வேண்டியவர்கள் அறைக்கு வெளியே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ அறநெறி சார்ந்த கேள்விகளை மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் அடங்கிய குழுக்களிடம் விட்டுவிடுவதே நல்லது, பொதுமக்கள் கூடிப் பேசினால் உணர்ச்சிக் கொந்தளிப்புதான் மிஞ்சும் என்ற கருத்து தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியாகியிருந்தது. அதை மறுத்து எழுத விரும்புகிறேன். ஒரு மருந்து எத்தனை மாதம் ஆயுளை நீட்டிக்கும் என்பதை மருத்துவர் சொல்லலாம். அந்த மாதங்களுக்காக எவ்வளவு வேதனையைத் தாங்கலாம் என்பதை நோயாளிதான் சொல்ல முடியும். அந்த மருந்து எல்லோருக்கும் போதாதபோது யாரைக் காத்திருக்கச் சொல்வது என்பதோ சமுதாயம் முழுவதும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இப்போது இந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், தூக்கமின்றிக் கண் சிவந்து நிற்கும் பிள்ளைகளிடம், வென்டிலேட்டரைத் தொடரலாமா என்று கேட்கப்படுகிறது. மூத்தவர் ஒன்று சொல்ல, இளையவர் வேறொன்று சொல்வார். உள்ளே படுத்திருப்பவர் எதை விரும்பியிருப்பார் என்பது இருவருக்குமே தெரியாது, ஏனெனில் அவர் நல்ல நினைவோடு இருந்த நாளில் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அவர் வாயை அடைத்திருப்பார்கள். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தின் கதையும் இதுதான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி முன்கூட்டியே போடப்பட்டிருக்கும்; உறவினரின் கண் நேரே அந்தக் குறிக்குப் போகும், அதற்கு மேலே அச்சடித்திருப்பதை யாரும் படிப்பதில்லை. மருத்துவமனைக் கோப்பில் அது சம்மதமாகிவிடுகிறது.

பொதுமக்களிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரின் அனுபவத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அங்கே 1962-ல் தொடங்கிய டயாலிசிஸ் மையத்தில் இயந்திரங்கள் சிலவே இருந்தன, தேவைப்பட்டோரோ பலர். யாருக்குச் சிகிச்சை என்பதைத் தீர்மானிக்க, ஒரு வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் உள்ளிட்ட ஏழு பேர், பெயர் வெளியிடப்படாமல், கூடிப் பேசினார்கள். வயது, குடும்பப் பொறுப்பு, வருமானம், தேவாலயத்தோடு இருந்த தொடர்பு எல்லாம் எடைபோடப்பட்டதை 'லைஃப்' இதழ் அதே ஆண்டு வெளிக்கொணர்ந்தபோது பலரும் அதிர்ந்துபோனார்கள். இதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஏறத்தாழ ஒரே வாழ்க்கைத் தரத்தில் இருந்த ஏழு பேர் மூடிய கதவுக்குள் முடிவெடுத்ததைச் சமுதாய உரையாடல் என்று எப்படிச் சொல்வது? யாருக்கு இயந்திரம் என்பது மட்டுமே அவர்கள் முன் வைக்கப்பட்டது. இயந்திரங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு அந்த அறையில் இடமே இருக்கவில்லை. 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சையைப் பொதுக் காப்பீட்டின் கீழ்க் கொண்டுவந்தபோதுதான் அதற்கு விடை கிடைத்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் அனுபவம் இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. வறியவர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் எந்தெந்தச் சிகிச்சைகளுக்கு முன்னுரிமை தருவது என்பதை அறிய 1990-ல் அங்கே 47 கூட்டங்கள் நடந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவத் துறையில் வேலை செய்பவர்கள். திட்டம் யாருக்காகவோ அந்த ஏழைகள் மிகச் சிலரே. வல்லுநர்களின் கணக்காவது சரியாக அமைந்ததா என்றால் அதுவும் இல்லை. செலவையும் பயனையும் சூத்திரத்தில் இட்டுத் தயாரித்த முதல் பட்டியலில், உயிரைக் காக்கும் குடல்வால் அறுவை சிகிச்சைக்கு மேலே பல்லுக்கு உறை மாட்டுவது வந்து நின்றது! பட்டியலை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

ஆகவே கூட்டம் கூட்டுவதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. யார் வருகிறார்கள், எந்த நேரத்தில், யாருடைய மொழியில் பேசப்படுகிறது என்பவைதான் முக்கியம். வேலை நாளின் நடுப்பகலில் கூட்டம் வைத்தால் தினக்கூலித் தொழிலாளி வரமாட்டார். அன்றைய கூலியை ஈடுகட்டினால் வருவார். இரவுப் பணிச் செவிலியர், வார்டுப் பணியாளர், மாற்றுத்திறனாளிகள், நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் ஆகியோரைத் தேடிப் போய் அழைக்க வேண்டும். இங்கிலாந்தில் மருத்துவச் சிகிச்சைகளை மதிப்பிடும் 'நைஸ்' நிறுவனம் 2002-ல் 30 குடிமக்கள் கொண்ட மன்றம் ஒன்றை அமைத்து, வல்லுநர்களின் மாறுபட்ட வாதங்களைக் கேட்டபின் தங்களுக்குள் விவாதிக்க அவகாசம் தந்தது. உணர்ச்சிதான் மிஞ்சும் என்று அஞ்சுகிறவர்கள் அந்த முறையைக் கவனிக்கலாம். கூட்டத்தில் சொன்னவற்றில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று நிர்வாகம் எழுத்தில் பதில் தரவும் வேண்டும். இல்லையென்றால் எல்லாம் குழுப் புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

ஒரு வரம்பை மட்டும் வலியுறுத்துகிறேன். தனி நோயாளி ஒருவரின் சிகிச்சை ஊர் கூடி முடிவு செய்யும் விஷயமாகிவிடக் கூடாது. அவருடைய மறுக்கும் உரிமையும் அவருடைய இரகசியமும் பெரும்பான்மை வாக்குக்கு அப்பாற்பட்டவை. நடைமுறைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் சமுதாயத்துக்குப் பேச்சு உண்டு.

புற்றுநோய் என்று தெரிந்ததும் "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவதும், மருத்துவர் சங்கடத்தோடு தலையசைப்பதும், அப்பா எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவதும் எத்தனையோ குடும்பங்களில் நடப்பவை. அன்பினால் செய்யப்படும் இந்த மறைப்பு சரியா என்பதற்கு விதிப் புத்தகத்தில் மட்டும் விடை தேட முடியாது. தங்கள் நாளிதழ் வாரம் ஒரு முறை இத்தகைய விவாதத்துக்கு இடம் ஒதுக்கி, இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டுகிறேன். மருத்துவர்களின் கட்டுரைகளை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டு, முதல் வாரம் நோயாளிகளின் கடிதங்களை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்