கேட்ட லாட் வேறு, வந்த பெல்லட் வேறு

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா, வணக்கம்.

கடந்த மாதம் 9ஆம் தேதி உங்களிடம் 4.5 மி.மீ. ஏர் ரைபிள் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, பத்து டப்பா வாங்கினேன். டப்பாவுக்கு 500 வீதம் 5,000 பெல்லட். 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடும் என் மகளுக்காக. பணம் கட்டும் முன்பே போனில் தெளிவாகச் சொன்னேன்: குண்டின் தலை அளவு 4.50 மி.மீ., போன முறை அனுப்பிய அதே லாட் நம்பர், அதாவது அதே உற்பத்தித் தொகுப்பு, அது இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். "இருக்கு சார், அனுப்பிடுறோம்" என்றார் உங்கள் ஊழியர். வந்தது மூன்று வெவ்வேறு லாட். அதில் நான்கு டப்பா 4.49.

இது சின்ன விஷயமில்லை. இந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மி.மீ., குண்டூசித் தலையைவிடச் சின்னது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, அறுபது குண்டுக்கு 654 என்று தசமத்தில் எண்ணுகிறார்கள். ஈயத்தை அழுத்திக் குண்டாக்கும் அச்சு தேயும், மாறும். அதனால் ஒரே பெயர் போட்ட பெல்லட்டும் லாட்டுக்கு லாட் கொஞ்சம் வேறுபடும். எந்தக் குழலுக்கு எந்த லாட் ஒத்துவரும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நாங்கள் ஆறு வகை வாங்கிச் சோதித்து, அந்த ஒன்றைப் பிடித்திருந்தோம்.

டப்பா மூடி எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை நான் பார்க்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு விலை கொடுத்தது என் மகள். 621, 622 என்று சுட்டுக்கொண்டிருந்தவள் 613க்கு இறங்கினாள். கோச் நிற்கும் நிலையை மாற்றச் சொன்னார், கன்னம் வைக்கும் கட்டையை ஏற்றினார், இறக்கினார். மூன்று வாரம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய படத்தை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் அதைக் கழற்றிவிட்டாள்.

அந்த வாரம்தான் உங்களுக்கு முதல் மெயில் போட்டேன். "குண்டில் குறை இல்லை. வளரும் வயதில் கை நிலையாக இருக்காது, பயிற்சியைக் கூட்டுங்கள்" என்று பதில் வந்தது.

சரி, கையையே எடுத்துவிடுவோம் என்று ரைபிளை லேத் பட்டறை வைஸில் ரப்பர் வைத்துப் பூட்டினேன். பத்து மீட்டரில் பழைய டப்பாவில் மிச்சமிருந்ததில் பத்து குண்டு: எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டை, 7 மி.மீ., ஒரு காய்ந்த பட்டாணி நுழையும் அளவு. நீங்கள் அனுப்பியதில் பத்து: 11 மி.மீ., விளிம்பெல்லாம் கிழிந்து. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படித்தான். அப்புறம் நகைக்கடை நண்பரின் தராசில் இரண்டிலும் நூறு குண்டை ஒவ்வொன்றாக நிறுத்தோம். பழையது 0.528 முதல் 0.533 கிராமுக்குள். புதியது 0.519இல் தொடங்கி 0.541 வரை போகிறது. இரண்டு டப்பாவில் பஞ்சு கூட வைக்காமல் அனுப்பியதால் பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் விளிம்பு நசுங்கியிருக்கிறது. ஈயம் நகம் பட்டாலே பதியும் உலோகம் என்பது இதை விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

சுட்ட அட்டைகள், ஸ்டிக்கர், தராசு அளவு எல்லாவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பத்து டப்பாவையும் உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, கேட்ட லாட்டை அனுப்புங்கள்; இல்லையென்றால் முழுப் பணத்தையும் தாருங்கள். இனி பில்லில் லாட் நம்பரையும் தலை அளவையும் எழுதுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இன்னொன்று. கை சரியில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெற்று இரண்டு வரி எழுதுங்கள். அதை எனக்கு அனுப்ப வேண்டாம், என் மகள் பெயருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை