கனமான ஸ்டீயரிங், ஊமையான ஸ்டீயரிங்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, யார் துணையும் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. நான் விசாரித்ததாக அவரிடம் சொல். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். கணக்குத் தாள் கடினம் என்கிறாள், ஆனால் முகத்தில் கவலை தெரியவில்லை.

கணினிக் கார் பந்தய விளையாட்டுக்கு நீ வைத்திருக்கும் ஸ்டீயரிங் விஷயத்துக்கு வருகிறேன். கை வலிக்கும் அளவுக்குக் கனமாக இருக்கிறது, ஆனாலும் கார் எப்போது வழுக்கப்போகிறது என்று தெரியவே இல்லை என்று எழுதியிருந்தாய். கோளாறு என்ன என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் பொருந்தும் டைரக்ட் டிரைவ் வகையைப் புதிதாக வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வை.

உன்னிடம் இருப்பது லாஜிடெக் ஜி29. அதன் மோட்டார் தரக்கூடிய திருப்புவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர்தான். நீ ஓட்டும் அசெட்டோ கோர்ஸா விளையாட்டில் கெயினை, அதாவது விசையைப் பெருக்கும் அளவை, முழுதாக ஏற்றி வைத்திருக்கிறாய். விளையாட்டு கணக்கிடும் விசை அனுப்பக்கூடிய எல்லையைத் தாண்டியதும், மிச்சம் வெட்டுப்பட்டு ஒரே உச்ச அளவு மட்டும் மோட்டாருக்கு வந்துகொண்டிருக்கும். கிளிப்பிங் என்பது இதுதான். திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் அலறவிட்டால் பாட்டின் சொல் ஒன்றும் விளங்காமல் போகுமே, அந்தக் கதிதான் உன் ஸ்டீயரிங்குக்கும்.

இதனால் நீ எதை இழக்கிறாய் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வளைவில் முன் டயர் திரும்பும்போது, தரையோடு ஒட்டியிருக்கும் ரப்பர் நெளிகிறது. பக்கவாட்டு விசை டயரின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் இழுப்பு பெரும்பாலும் அதிலிருந்தும் முன் சக்கரத்தின் சாய்வு அமைப்பிலிருந்தும் பிறக்கிறது. இன்னும் திருப்பிக்கொண்டே போனால், டயர் தன் பிடியின் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே இந்த இழுப்பு தளரத் தொடங்கும். கைக்கு ஸ்டீயரிங் லேசாகும். முன் சக்கரம் பிடியை விடப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. கெயின் எல்லை மீறியிருந்தால் அந்தத் தளர்ச்சி வெட்டுப்படும் எல்லைக்கு மேலேயே நடந்து முடிந்துவிடும். உன் கைக்கு எட்டாது. எனக்கு, மோட்டார் இப்படிக் கைக்கு விசை தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் பயனே அந்த ஒரு கணம்தான். பலம் எவ்வளவு என்பது எனக்கு முக்கியமே இல்லை.

கனத்தைக் குறைக்க ஜி ஹப் என்ற லாஜிடெக் மென்பொருளில் வலுவை இறக்கிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தாய். அதனால் பயன் இருக்காது. வெட்டுப்பட்டு வந்த சமிக்ஞையை அது அப்படியே சிறிதாக்குமே தவிர, போன விவரத்தை மீட்டுத் தராது. அங்கே முழுதாக வைத்துவிட்டு விளையாட்டுக்குள் கெயினைக் குறை. மையத்துக்கு இழுக்கும் ஸ்பிரிங் அமைப்பையும் ஜி ஹப்பில் அணைத்துவிடு. அது டயரிலிருந்து வராத இழுப்பு. உண்மையான இழுப்போடு கலந்து குழப்பும். சுழற்சி 900 பாகையில் இருக்கட்டும். திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் உன் கையில் இருப்பதும் ஒன்றாகத் திரும்புகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

பிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5 கப் காரை எடுத்துக்கொண்டு பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்துக்குப் போ. காற்று காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் மிகுந்த வேகக் கார்கள் வேண்டாம். அவற்றில் விசை வேகத்தோடு ஏறிக்கொண்டே போவதால் ஒன்றும் பிடிபடாது. பெடல்ஸ் என்ற சிறு பலகையைத் திரையில் திறந்து வைத்தால் விசைக்கான கம்பம் சாம்பல் நிறத்தில் ஏறி இறங்கும். எல்லையைத் தொட்டதும் சிவப்பாகும். முதல் வளைவான பேடக் ஹில் சரிந்து இறங்கும். அடிவாரத்தில் கார் அழுந்தும் இடத்தில் கம்பம் ஒரு நொடி சிவந்தால் பரவாயில்லை. வளைவு முழுக்கச் சிவப்பாகவே நின்றால் இன்னும் குறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையின் நம்பர் பேடில் உள்ள மைனஸ் பொத்தானால் அந்தக் காருக்கு மட்டும் கெயினைக் குறைக்கலாம். கெர்ப் (தடத்தின் ஓர மேடு), ரோடு (சாலை மேடுபள்ளம்), ஸ்லிப் (டயர் வழுக்கல்) என்ற மூன்று கூடுதல் அதிர்வுகளையும் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கு. அவை மேலே தூவப்படும் அலங்காரம். தேவையென்றால் பிறகு கொஞ்சம் சேர்க்கலாம்.

கெயினைக் குறைத்ததும் நடுப்பகுதி தொளதொளவென்று செத்தது போலத் தோன்றும். உடனே பழையபடி ஏற்றிவிடாதே. ஜி29 பல்சக்கரத்தால் இயங்குவதால் மிகச் சிறிய விசைகள் உராய்விலேயே கரைந்துவிடும். அதற்குத்தான், சிறிய விசையையும் கைக்குத் தெரியும் அளவுக்கு உயர்த்தும் மினிமம் ஃபோர்ஸ் என்ற அமைப்பு விளையாட்டில் இருக்கிறது. அதைச் சிறிது சிறிதாக ஏற்று. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் தானாகப் படபடக்கத் தொடங்கினால் ஒரு படி இறக்கிவிடு, அதுவே உன் அளவு.

இத்தனையும் செய்த பிறகும் மனம் டைரக்ட் டிரைவைக் கேட்டால் 5 நியூட்டன் மீட்டர் வகையே தாராளம். உன் பையனும் ஓட்டுவான் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அவற்றில், விளையாட்டில் கார் மோதும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பும். கட்டைவிரலை ஆரங்களுக்குள் கொடுத்துப் பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே அவனுக்குப் பழக்கு. விசையையும் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்கு.

கம்பம் எந்த அளவில் சிவப்பை விட்டது, மினிமம் ஃபோர்ஸ் எங்கே நின்றது, இரண்டையும் எழுது. என்னிடமும் அதே ஸ்டீயரிங்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அப்பா பஸ் ஏறும் அளவுக்குத் தேறியதும் எல்லோரும் இங்கே வந்து சில நாள் தங்கிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்