குட்டைத் திருப்பணி நிறைவு அறிக்கை: கூடுதலாய்ப் போன 72,600 ரூபாய் பற்றி

சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். நமோ புத்தாய.

ஆந்திராவின் குப்பம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நம் பௌத்த சங்க நிலத்தில் குட்டையைத் தூர் வாரி, கம்பி வேலி போட்டு, காய்கறிப் பாத்தி பிடித்து, மரக்கன்று நட்ட வேலை வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் முடிந்தது. திட்டம் போட்டது 3,40,000 ரூபாய். ஆனது 4,12,600. மீதி 72,600 எங்கே போனது என்று டீக்கடையில் என்னைத் தவிர எல்லோரையும் கேட்டிருக்கிறீர்கள். ஆகையால் மற்றதைச் சுருக்கிவிட்டு அதையே எழுதுகிறேன்.

வேலிக்கு 28,400 கூடுதல். கம்பி விலை ஏறிவிட்டது, கடை ரசீது இருக்கிறது. பஞ்சாயத்து அனுமதி சிக்கலில்லாமல் கிடைத்தது. 24 பாத்தியில் அவரை, கத்தரி, தக்காளி. புங்கன், நாவல், இலுப்பை என்று 60 கன்று நட்டோம், 9 பட்டுப்போயின.

மிச்சம் 44,200 குட்டையில் போனது.

ஜேசிபி காண்ட்ராக்டரிடம் மணிக்கு 1,200 என்று 80 மணி நேரத்துக்குப் பேசினோம். அடியில் சுக்கான் பாறை வந்ததால் 92 மணி ஆயிற்று. அந்த 14,400-ஐ யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது மீன் விஷயம்.

இயந்திரம் வந்து நின்ற அன்று குட்டையில் முழங்கால் தண்ணீர் இருந்தது. மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் அன்றே தோண்டத் தொடங்கலாம் என்பதுதான் திட்டம். அதைப் போட்டவன் நான்தான். இறைக்கத் தொடங்கி அரைமணியில் விராலும் கெளுத்தியும் சேற்றில் துள்ள, மேட்டுத் தெரு அக்காமார் வந்து மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பௌர்ணமிதோறும் பாணாதிபாதா, உயிரைக் கொல்லேன், என்று சொல்லிவிட்டு இங்கே இதுவா என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, அப்போது ஊரில் தங்கியிருந்த பிக்கு, பந்தேயிடம் கேட்போம் என்று போனோம். பிக்கு மண்ணைத் தோண்டவும் கூடாது, தோண்டச் சொல்லவும் கூடாது என்பது வினய விதி. அதனால் வேலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் வடிகட்டும் துணியை எடுத்துப் பாயில் வைத்தார். பிக்குவின் எட்டு உடைமைகளில் அதுவும் ஒன்று. உயிர் உள்ள தண்ணீர் என்று தெரிந்தே மண்ணில் ஊற்றுவது அவர்களுக்குக் குற்றம். விதி அவருக்குத்தான், நமக்கில்லை என்று ஒருவர் வாதாடினார். உண்மைதான். ஆனாலும் அதன்பின் மோட்டாரைப் போட யாருக்கும் கை வரவில்லை.

நான்கு நாள் சேலையும் கூடையுமாக அள்ளி, ட்ரம்மில் ஊற்றி, குட்டியானை வண்டியில் ஏரிக்குக் கொண்டுபோய் விட்டோம். விரால், குரவை, நண்டு, இரண்டு ஆமை. கெளுத்தியில் பாதி ட்ரம்மிலேயே செத்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு விரால் குழம்புக்குக் கேட்டவர் யார் என்று எழுதப் போவதில்லை.

இயந்திரம் சும்மா நின்ற 38 மணிக்கும் முழு வாடகை, 45,600 கேட்டார் காண்ட்ராக்டர். மூன்று நாள் சண்டை. காத்திருப்பு வாடகையைப் பற்றி நாங்கள் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, தவறு எங்களுடையது. வண்டிக்கு அவர் தவணை கட்டுகிறார் என்பதும் பொய்யில்லை. அள்ளும் வண்டலைச் செங்கல் சூளைக்கு விட்டுக்கொடுத்தால் ஒரு பைசா வேண்டாம் என்று ஒரு வழி சொன்னார். அந்த வண்டல் மானாவாரிக் கேழ்வரகு நிலத்துக்கென்று முன்பே பேசிவைத்தது. மறுத்தோம். கடைசியில் பாதிக்கு, 22,800-க்குத் தீர்ந்தது. வண்டல் 41 டிராக்டர் நடை, பேசியபடி நிலங்களுக்குப் போனது.

அப்புறம் அந்த 7,000. காண்ட்ராக்டர் பணத்தை வாங்கிக்கொண்டு போனபின்தான் தெரிந்தது, வண்டி ஓட்டிய பையனுக்கு 14 நாள் படி, நாளுக்கு 500, அவர் தரவேயில்லை. நம் கொட்டகையில் படுத்து நம் களியைத் தின்ற பிள்ளை. கொடுத்து அனுப்பினோம். காண்ட்ராக்டர் கடனை நாம் ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் சட்டப்படி பதிலில்லை. இன்னொரு தடவை நடந்தாலும் கொடுப்பேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், “அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் ராயப்பேட்டையில் பௌத்த சங்கம் தொடங்கியது மீன் பிடித்து விடவா?” என்றார். கோலார் தங்கவயல் மாரிகுப்பத்துச் சுரங்க வேலைக்குப் போய் அங்கிருந்த பௌத்த சங்கத்தில் பஞ்சசீலம் வாங்கிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். கேட்க உரிமை உண்டு. எர்ரகுடியில் அசோகர் கல்வெட்டு உள்ள பாறையைப் பார்த்துவந்த வாத்தியார் அண்ணன் எழுந்து, அசோகர் வழியெல்லாம் கிணறு வெட்டி மரம் நட்டது மனிதருக்கும் விலங்குக்கும் சேர்த்துத்தான் என்று அங்கே வெட்டியிருப்பதைச் சொன்னார். “அசோகர் மணி வாடகையா கொடுத்தார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் அத்தோடு கலைந்தது.

தானம் தந்தவர்கள்: பெயர் போடக் கூடாது என்று பாதிப் பேர், போடாவிட்டால் எப்படி என்று மீதிப் பேர். வீட்டு அடையாளம் போதும் என்று முடிவானது. மாரிகுப்பத்துச் சம்பந்தி வீட்டார், பட்டுநூல் கடைக்காரர், தபால் ஆபீஸ் மாமா, 2001-ல் சுரங்கம் மூடி ஊர் திரும்பிய மூன்று தாத்தாக்கள், விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் (ஆளுக்கு 500, விடாமல் ஆறு மாதம்), தையல்கார அக்கா, புளியமரத்து வீட்டு அண்ணி, கீழத்தெரு சாயபு, கறிக்கடைத் தம்பி, ஆயா வேலை செய்யும் பெரியம்மா (முதலில் 200, அப்புறம் வேலையாட்களுக்கு 12 நாள் மோர்). விட்டுப்போன வீடு இருந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

வரவு மொத்தம் 3,86,000. துண்டு விழுந்த 26,600 பொருளாளர் கைக்காசு. அவர் கேட்கவில்லை, அவர் வீட்டில் கேட்கிறார்கள்.

முதல் பறிப்பு அவரையும் தக்காளியும் தனியாக இருக்கும் 17 முதியவர் வீட்டுக்குப் போனது. மீன் விவகாரத்தில் அதிகம் சத்தம் போட்டவரே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கணக்கு நோட்டு கொட்டகைப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு ரசீதை எலி கடித்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்துக்குமேல் வாருங்கள். அதற்குமுன் பாத்திக்குத் தண்ணீர் கட்டவேண்டும்.

செயலாளர்