குழந்தைக் கட்டணம் உண்டு, குழந்தைக்கான திட்டம் எங்கே? சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பயணங்களுக்கான உங்கள் விளம்பரங்கள் ஏறக்குறைய அனைத்திலும் பாரிஸ் இடம்பெறுகிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு அந்நகருக்குச் செல்லும் பெற்றோரின் சார்பில் இதை எழுதுகிறேன். என் இரு குழந்தைகளோடு ஒருமுறை குழுவாகவும், பிறகு உறவினர் வீட்டில் தங்கி எங்கள் போக்கிலும் அந்த நகரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் விலைப்பட்டியலில் குழந்தைக்கெனத் தனிக் கட்டணம் இருக்கிறது. பயணத் திட்டத்திலோ குழந்தை என்ற ஒருவர் வருவதற்கான அடையாளமே இல்லை.

ஈஃபிள் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதை இரவு விளக்கொளியில் காட்டுவதைப் பெரிய சலுகையாக விளம்பரம் செய்கிறீர்கள். மே மாதக் கடைசியில் பாரிஸில் சூரியன் மறையவே ஒன்பதரை மணிக்கு மேல் ஆகிறது. கோபுரம் மினுமினுப்பது நன்றாக இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை, அதுவும் ஐந்து நிமிடம். கோடையில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால் இருப்பதால், அங்கே இரவு பதினொரு மணி என்பது சென்னையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய குழந்தையின் உடலுக்கு அதிகாலை இரண்டரை. அந்நேரத்தில் குளிர்காற்றில் தோளில் தூங்கி வழியும் பிள்ளைக்கு எந்தக் கோபுரம் மின்னினால் என்ன? அதே குழந்தை முதல் சில நாட்கள் விடியுமுன்பே விழித்துக்கொண்டு விளையாடக் கூப்பிடும் என்பதைக் கணக்கில் கொண்டால், காலையில் முதல் ஆளாகக் கோபுரத்துக்குச் சென்று, லிஃப்டில் இரண்டாம் தளம் வரை ஏறி இறங்கி, எதிரே உள்ள ஷான் து மார்ஸ் புல்வெளியில் ஓடவிட்டு, மதியத் தூக்கத்துக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.

திரும்ப முடியாதபடி அறை தொலைவில் இருப்பதுதான் அடுத்த சிக்கல். செலவைக் குறைக்க நகருக்கு வெளியே, விமான நிலையத்தை ஒட்டிய புறநகரில் விடுதி எடுக்கிறீர்கள். அதன் பொருள், காலையில் கிளம்பும் குழந்தை இரவு வரை படுக்கையைப் பார்க்காது என்பதே. நகருக்குள் சற்றுச் சிறிய அறையாக இருந்தாலும் போதும் என்று பெரும்பாலான தாய்மார்கள் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

மெட்ரோவைப் பற்றியும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். 1900இல் ஓடத் தொடங்கிய அந்த அமைப்பின் 300க்கும் மேற்பட்ட நிலையங்களில் பெரும்பாலானவற்றில் படிக்கட்டுதான். 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் தடத்தில் மட்டுமே எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. 'ஓய்வு நேரத்தில் மெட்ரோவில் சுற்றிப் பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பப்படும் குடும்பம், ஸ்ட்ரோலர் என்னும் குழந்தைத் தள்ளுவண்டியை ஒருவரும் பிள்ளையை ஒருவருமாகச் சுமந்துகொண்டு படியேறுகிறது. நகரப் பேருந்தில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே நடுக்கதவு வழியாக ஏற்றலாம். 69ஆம் எண் பேருந்து ஷான் து மார்ஸிலிருந்து லூவர் அருங்காட்சியகம் வழியாக பஸ்தீல் சதுக்கம் வரை கொண்டுபோய்விடுகிறது. சன்னலோரம் உட்கார்ந்த குழந்தைக்கு அதுவே ஊர் பார்க்கும் உலா. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயணச்சீட்டு தேவையில்லை.

கட்டணப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் கேட்டுவிடுகிறேன். லூவரில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஈஃபிள் கோபுரத்தில் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. விமானச் சீட்டும் விடுதியும் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விலக்குகள் உங்கள் குழந்தைக் கட்டணத்தில் எங்கே கழிக்கப்பட்டன என்பதை ஒரு வரியில் காட்டினால் நம்பிக்கை கூடும்.

பாரிஸ் குழந்தைகளுக்குக் கடினமான ஊர் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கென்று அது வைத்திருக்கும் இடங்களில்தான் உங்கள் சுற்றுலாப் பேருந்தான கோச் நிற்பதே இல்லை. லூவருக்குள் மோனா லிசாவின் முன் நெரிசலில் நிற்பதற்குப் பதிலாக எகிப்தியப் பகுதியில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட பெரிய ஸ்பிங்க்ஸ் சிலையைக் காட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தால், பக்கத்திலேயே துய்லரி தோட்டத்தில் விளையாட்டுத் திடலும் குதிரை ராட்டினமும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் அரசி மரி த மெதிசி அமைத்த லக்ஸம்பர்க் தோட்டத்தின் எண்கோணக் குளத்தில் பாய்மரப் பொம்மைப் படகுகளை வாடகைக்குத் தருகிறார்கள். பிள்ளைகள் நீண்ட கழியால் படகைத் தள்ளிவிட்டு, அது காற்றின் போக்கில் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். என் மகன் அந்தக் குளத்தை விட்டு நகர மறுத்த நேரத்தில், உங்கள் குழு ஒன்று மூன்று நினைவுச் சின்னங்களைப் பார்த்து முடித்திருக்கும். யார் பாரிஸை நன்றாகப் பார்த்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜார்தான் தே பிளாந்த் என்னும் தாவரவியல் தோட்டத்தில் 1794இல் தொடங்கப்பட்ட விலங்குக்காட்சிச் சாலை இன்றும் இயங்குகிறது. அதை ஒட்டிய பரிணாம அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரிசைகட்டி ஊர்வலம் போவதுபோல நிறுத்தப்பட்டுள்ளன. மழை நாளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. செவ்வாய் விடுமுறை என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். லூவருக்கும் அதே நாள்தான்.

சாப்பாட்டு நேரமும் சொல்ல வேண்டியது. பல உணவகங்களின் சமையலறை மதியம் இரண்டரைக்கு மூடினால் மாலை ஏழுக்குத்தான் திறக்கும். ஐந்து மணிக்குப் பசிக்கும் பிள்ளைக்கு ரொட்டிக் கடையும் தயிர் விற்கும் சூப்பர் மார்க்கெட்டும்தான் துணை. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாசப்பல் பகுதி இருக்கிறது. இட்லி கிடைக்கும் தெரு நகருக்குள்ளேயே இருக்கையில், வாடிக்கையான ஓர் 'இந்திய விருந்து'க்காக மணிக்கணக்கில் கோச்சில் உட்கார வைப்பது ஏன் என்று புரியவில்லை. தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். ஒவ்வொருவர் வெளியேறியதும் கதவு மூடித் தானாகக் கழுவிக்கொள்ளும், அது முடியுமுன் உள்ளே நுழையக் கூடாது என்பதை உங்கள் டூர் மேனேஜர்கள் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஆகவே, அடுத்த கோடைக்கான அறிவிப்பில் குழந்தையுள்ள குடும்பங்களுக்கென ஒரு தனித் திட்டத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு பெரிய இடம், ஒரு தோட்டம், மதிய ஓய்வு என்ற அளவு போதும். டிஸ்னிலாந்துக்குப் போவதென்றால் அந்த நாளில் வேறெதையும் ஒட்டவைக்க வேண்டாம். அது நகருக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தனித் திட்டம் இயலாதென்றால், இப்போதுள்ள திட்டத்திலேயே விடுதி நகரிலிருந்து எவ்வளவு தொலைவு, ஒவ்வொரு நாளும் கோச்சில் எத்தனை மணி நேரம், நடை எவ்வளவு என்ற மூன்று விவரங்களை முன்பணம் வாங்குவதற்கு முன் எழுத்தில் கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையோடு வரலாமா, பாட்டியிடம் விட்டுவிட்டு வரலாமா, அல்லது இரண்டு ஆண்டு பொறுக்கலாமா என்பதைப் பெற்றோர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
இரு சிறு குழந்தைகளின் தாய்,
கோயம்புத்தூர்